சிரிக்காதவருக்கு 'சிரிக்கும் குதிரைவீரர்' என்று பெயர்: உருவப்படம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உருவப்படத்தின் முன்னால் நின்றதும் நாம் முதலில் செய்வது, பக்கத்தில் இருக்கும் தலைப்பைப் படிப்பது. வம்பே அங்குதான் தொடங்குகிறது. லண்டனில் வாலஸ் சேகரிப்பு என்ற அருங்காட்சியகத்தில் உள்ள 'சிரிக்கும் குதிரைவீரர்' இதற்கு நல்ல உதாரணம். டச்சு ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் வரைந்த படம். தலைப்பு அவர் வைத்ததல்ல, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒட்டிக்கொண்டது. படத்தில் எழுதியிருப்பது வயது 26, ஆண்டு 1624 என்ற குறிப்பு மட்டும்தான். குதிரைவீரர் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சரி, சிரிக்கவாவது செய்கிறாரா? மேலே முறுக்கிவிட்ட மீசையை விரலால் மறைத்துப் பாருங்கள், சிரிப்பில் பாதி காணாமல் போய்விடும்.

முகத்தோடு நின்றுவிடுவது அடுத்த தவறு. இந்த மனிதரின் மிடுக்கு முழங்கையில் இருக்கிறது. கையை இடுப்பில் ஊன்றி, முழங்கையை நம் பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கிறார். ஹால்ஸ் அவரைச் சற்றுத் தாழ்விலிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருப்பதால், அவர் நம்மை மேலிருந்து அளக்கிறார். அப்புறம் அந்தச் சட்டைக் கை! தேனீக்கள், அம்புகள், தீப்பற்றிய கொம்புகள், காதல் முடிச்சுகள் என்று பூவேலையில் பெரும்பாலும் காதலின் இன்பமும் வலியும்தான். நான்கடி தள்ளி நின்றால் வெறும் ஜரிகையாகத்தான் தெரியும்.

பழைய உருவப்படங்களில் இறுகிய வாயைப் பார்த்துக் 'கடுகடுப்பான ஆள்' என்று முடிவு கட்டவும் வேண்டாம். பல்லைக் காட்டுவது அன்று பெரிய மனிதர்களுக்கு அழகல்ல. டச்சுப் படங்களில் வாய்விட்டுச் சிரிப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகளும் குடிகாரர்களும்தான்.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது, ஓவியரின் வாழ்க்கைக் கதையை எதிரே உட்கார்ந்தவரின் முகத்தில் ஏற்றிவிடுவது. 1664 வாக்கில், எண்பதைத் தாண்டிய ஹால்ஸ், நெதர்லாந்தின் ஹார்லெம் நகர முதியோர் இல்லத்தின் நிர்வாகிகளை வரைந்தார். அவர்களில் ஒருவருக்குத் தொப்பி சாய்ந்திருக்கிறது, பார்வை ஒரு மாதிரி இருக்கிறது. உடனே கதை கட்டிவிட்டார்கள்: ஏழையான கிழவர், தன்னை அலட்சியப்படுத்திய நிர்வாகியைக் குடிகாரராக வரைந்து பழி தீர்த்துக்கொண்டாராம். ஹால்ஸ் வறுமையில் இருந்தது உண்மைதான். ஆனால் அவருக்கு உதவித்தொகை கொடுத்தது நகர நிர்வாகம், இந்த இல்லம் அல்ல. தொப்பியைச் சாய்த்து வைப்பது அப்போதைய மோஸ்தர். அந்த முகத்தில் தெரிவது முகவாதம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த இல்லத்தின் கட்டடம்தான் இன்று ஹால்ஸ் அருங்காட்சியகம். படமும் அங்கேதான் இருக்கிறது.