உள்ளூர் உதைபந்தாட்ட இறுதிப் போட்டிக்குப் போகுமுன்: டிக்கட்டிலும் வாயிலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை டவுன் கழகம் ஒன்றும் கிண்ணியாக் கழகம் ஒன்றும் இறுதிப் போட்டியில் சந்திக்கின்றன என்றால், அந்தக் கிழமை முழுக்க வேறு பேச்சு இருக்காது. மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று எந்த ஊர்கள் மோதினாலும் இதே சூடுதான். முன்பெல்லாம் கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு வருகிறவர்கள் துறையடியில் 'பாதை' என்று சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்து நின்றுதான் தண்ணீரைக் கடந்தார்கள். 2009இல் 396 மீட்டர் நீளப் பாலம் திறந்தபின் அந்தக் காத்திருப்பு போய்விட்டது. நல்லதுதான். ஆனால் பாதையில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துசேர்ந்த கூட்டம் இப்போது மோட்டார் சைக்கிள்களில், ஆட்டம் தொடங்க அரை மணித்தியாலம் இருக்கும்போது, ஒரே வாயிலில் வந்து குவிகிறது. டிக்கட் ஏமாற்று நடப்பதும் நெரிசல் உண்டாவதும் பெரும்பாலும் அந்த அரை மணித்தியாலத்தில்தான்.

முதல் தவறு, டிக்கட்டை யாரிடம் வாங்குகிறோம் என்று பாராமல் வாங்குவது. உள்ளூர்ச் சுற்றுப்போட்டிகளில் டிக்கட் பெரும்பாலும் கழகத்து ஆட்களின் கையாலேயே விற்கப்படும். பழக்கமான கடையொன்றில் வைத்துக் கொடுப்பதும் உண்டு. வாயிலில் மேசை போட்டும் விற்பார்கள். இந்த வழிகளுக்கு வெளியே, "எங்கட ஆளிட்ட நாலு கிடக்கு, வேணுமெண்டா சொல்லுங்க" என்று வருகிறவர் தெரிந்தவராகவே இருந்தாலும், அந்த நாலும் அவர் கைக்கு எப்படி வந்தன என்று கேட்டுவிடுங்கள். இப்படிக் கேட்பதை நம்மூரில் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கழகத்துக்கு ஒரு போன் எடுத்து, "இன்னாரிடம் டிக்கட் கொடுத்திருக்கிறீர்களா?" என்று விசாரிக்க ஒரு நிமிடம் போதும்.

அச்சடித்த டிக்கட் என்றால் இலக்கத்தைப் பாருங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் புத்தகமாக அடித்து, அடிக்கட்டையிலும் டிக்கட்டிலும் ஒரே தொடர் இலக்கம் போடுவார்கள். கிழிக்கும் இடத்தில் துளை வரிசை இருக்கும். கழகத்து முத்திரை மையால் குத்தியிருக்கும். கலர் போட்டோக் கொப்பியில் அந்த முத்திரையும் அச்சின் பகுதியாகவே, டிக்கட்டுக்கு டிக்கட் ஒரே சாய்வில், ஒரே இடத்தில் விழும். கையால் குத்தியது அப்படி விழாது. இரண்டு டிக்கட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரே இலக்கம் இரண்டில் இருந்தால் அதற்குமேல் பேச்சே வேண்டாம். களியாட்ட வரி அறவிடப்படும் போட்டிகளில் உள்ளூராட்சி சபையின் முத்திரையும் டிக்கட்டில் இருக்க வேண்டும். 1946இன் களியாட்ட வரிச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

கொழும்பில் நடக்கும் தேசிய அணியின் ஆட்டங்கள் போன்ற பெரிய போட்டிகளுக்கு ஒன்லைனில் வாங்கும்போது ஏமாற்று வேறு மாதிரி. அங்கே டிக்கட் என்பது ஒரு கியூஆர் குறி. அதைப் போட்டோ எடுத்து பத்துப் பேருக்கு விற்கலாம். வாயிலில் முதலில் காட்டுகிறவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேரும் வெளியே நிற்பார்கள். ஆகவே "ஸ்கிரீன்ஷொட் அனுப்புகிறேன், காசைப் போடுங்கள்" என்கிற எவரிடமும் வாங்காதீர்கள். அதேபோல், டிக்கட் கிடைத்த சந்தோசத்தில் அந்தக் குறி தெரியும்படி பேஸ்புக்கில் போடுவதும் கூடாது. எத்தனை இளம் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்! டிக்கட்டைக் காட்டத்தான் வேண்டுமென்றால் குறியை விரலால் மறைத்து எடுங்கள்.

காசு கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். தெரியாத ஒருவருடைய தனிப்பட்ட வங்கிக் கணக்குக்குப் போட்ட காசைத் திரும்ப எடுப்பது மிகவும் கடினம். அது சில நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். அங்கிருந்து வேறு கணக்குக்கு மாறியும் விடும். "டிக்கட் உறுதிப்படுத்த உங்கள் போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், அவர் டிக்கட் விற்கவில்லை, உங்கள் கணக்கைத் திறக்கிறார். போனை வையுங்கள். ஏற்கெனவே ஏமாந்துபோனால் முதலில் வங்கிக்கு அறிவியுங்கள், பிறகு பொலிஸுக்கு. உரையாடலை வெட்கத்தில் அழித்துவிடாதீர்கள். கையில் உள்ள ஒரே சாட்சி அதுதான்.

கறுப்பில் வாங்குவதில் இன்னொரு நட்டமும் உண்டு, அதைப் பற்றித்தான் எனக்கு அதிக கவலை. நம்மூர்க் கழகங்களுக்குப் பெரிய அனுசரணையாளர் கிடையாது. நடுவருக்குக் கொடுப்பது, பந்து, மைதானக் கோடு போடுகிற சுண்ணாம்பு, முதலுதவிக்காரர், பெடியன்களின் பூட்ஸ் எல்லாமே கேட்டில் விழுகிற காசிலிருந்துதான் வரவேண்டும். இடையில் ஒருவன் எடுக்கிற இலாபத்தில் ஒரு சதமும் அந்தப் பிள்ளைகளுக்குப் போவதில்லை. மதிலேறிக் குதித்துப் பார்க்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

டிக்கட் தீர்ந்துவிட்டது என்று கழகம் சொன்னால், "எப்படியும் உள்ளே விடுவார்கள்" என்று போய் நிற்காதீர்கள். 2022 ஒக்டோபர் 1ஆம் திகதி இந்தோனேசியாவின் மலாங்கில், கஞ்சுருஹான் அரங்கில் நடந்ததை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். அரேமாக் கழகத்துக்கும் பெர்செபாயா சுரபாயாக் கழகத்துக்கும் பரம்பரைப் போட்டி. 38,000 பேருக்கே டிக்கட் விற்கும்படி பொலிஸ் கேட்டிருந்தும் 42,000 விற்கப்பட்டன. பெர்செபாயா ரசிகர்களுக்கு அன்று அனுமதியே இல்லை. ஆகவே இரு தரப்பு ரசிகர்களின் கைகலப்பு என்று எதுவும் இல்லை. சொந்த மைதானத்தில் அரேமா தோற்ற ஆத்திரத்தில் அதன் ரசிகர்களே மைதானத்துக்குள் இறங்க, பொலிஸ் கண்ணீர்ப்புகை அடிக்க, எல்லோரும் ஒடுங்கிய வாயில்களை நோக்கி ஓடினார்கள். 135 பேர் இறந்தார்கள், அவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். கண்ணீர்ப்புகை அடித்தவர்களின் பொறுப்பு பெரியது. ஆனால் அளவுக்கு மேல் விற்ற அந்த 4,000 டிக்கட்டையும் மறந்துவிடக்கூடாது.

நம்மூர் மைதானம் அவ்வளவு பெரிதல்ல என்று ஆறுதல்பட முடியாது. நெரிசலைத் தீர்மானிப்பது மொத்தக் கூட்டமல்ல, ஒரு இடத்தில் எத்தனை பேர் என்பதுதான். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் வந்துவிட்டால் நாம் நினைத்த பக்கம் நடக்க முடியாது, கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் போவோம். ஒற்றை வாயிலும் இருபுற மதிலும் உள்ள எந்த மைதானத்திலும் அது நடக்கலாம். ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே போய்விடுங்கள். உள்ளே போனதும் நீங்கள் வந்த வாயிலைத் தவிர வேறு வழி எங்கே இருக்கிறது, அது திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். நெருக்கம் கூடினால் இரண்டு கையையும் மடித்து நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், மூச்சுக்கு இடம் கிடைக்கும். எதிர்த்துத் தள்ளாமல் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். செருப்பு, போன் எது விழுந்தாலும் குனியாதீர்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உங்கள் போன் இலக்கத்தைப் பிள்ளையின் முழங்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். கூட்டத்தில் சிக்னல் இருக்காது, ஆகவே பிரிந்துபோனால் சந்திக்க ஒரு இடத்தை முன்கூட்டியே காட்டி வையுங்கள்.

கொண்டுபோகக் கூடாதவற்றில் கண்ணாடிப் போத்தலும் பட்டாசும் எல்லோருக்கும் தெரியும். விசில் பலருக்குத் தெரியாது. பார்வையாளர் ஊதிய விசில் ஆட்டத்தைக் குழப்பினால், நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, பந்தைக் கீழே போட்டு மீண்டும் தொடங்க வேண்டும் என்பது விதி. உங்கள் அணியே கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஊதினால் நட்டம் யாருக்கு? கூட்டம் உள்ளே இறங்கினால் ஆட்டத்தை அப்படியே கைவிடவும் நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. கைவிடப்பட்ட ஆட்டத்துக்கு டிக்கட் காசு திரும்புமா என்பது ஏற்பாட்டாளரின் முடிவு. அதனால் உள்ளே போனபின்னும் கிழித்த துண்டை எறியாமல் வைத்திருங்கள். மழை வந்து ஆட்டம் தள்ளிப்போனாலும் அந்தத் துண்டுதான் உதவும். மாரி காலத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

கத்துவதைப் பற்றி. எதிரணியின் கோல் காப்பாளரைக் கேலி செய்யுங்கள், நடுவரின் கண்ணைச் சந்தேகியுங்கள்; ஊர் மோதலின் உப்பே அதுதான். ஆனால் கேலி, ஆடுகிற பெடியனை விட்டு அவனுடைய சமயத்துக்கோ இனத்துக்கோ தாவிய நொடியில் அது உதைபந்தாட்டம் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் மாவட்டம் இது. மைதானத்தில் சொன்ன ஒரு சொல் அன்றிரவே போனில் வீடியோவாகி, மறுநாள் சந்தைக்கு மீன் கொண்டுவருகிறவனை முறைத்துப் பார்க்க வைக்கும். பக்கத்தில் நிற்கிறவர் அப்படிக் கத்தினால், "தம்பி, பந்தைப் பற்றிப் பேசு" என்று சொல்ல வயதில் மூத்தவர்களால் முடியும். அதைச் சொல்லாமல் விடுவதும் தவறுதான். எதிரணி ரசிகர்கள் நிற்கும் பக்கத்தில் டிக்கட் கிடைத்திருந்தால், உங்கள் கழகத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

கடைசியாக, வீடு திரும்புவது. நாலேகாலுக்குத் தொடங்கும் ஆட்டம் இடைவேளையோடு ஆறு மணிக்கு முடியும். மேலதிக நேரமும் பெனல்டியும் வந்தால் நன்றாக இருட்டிவிடும். அதன்பின் கிண்ணியாவுக்கோ நிலாவெளிக்கோ பஸ் இருக்கிறதா என்று வரும்போதே கொண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். வென்றவர்கள் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக, ஹெல்மட் இல்லாமல், கொடியை விரித்துக்கொண்டு பறப்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். டவுன் வீதிகளில் மான்கள் இரவிலும் திரிகின்றன. வெடிச் சத்தத்துக்கு மிரண்டு குறுக்கே பாயும். சோறு சுற்றி வந்த லன்ச் சீற்றையும் பொலித்தீனையும் மைதானத்துக்கு வெளியே எறிந்தால் அந்த மான்கள்தான் தின்னும். தின்று செத்தும் இருக்கின்றன. அவசரம் என்றால் பொலிஸுக்கு 119, சுவசெரிய அம்புலன்சுக்கு 1990. அம்புலன்சுக்குக் காசு கிடையாது. மைதானத்தின் பெயரோடு எந்த வாயிலுக்கு வரவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.