ஒரு மேகம் எத்தனை விண்மீன்களாக உடையும்? ஜீன்ஸ் நிறையைக் கணக்கிடும் முறை

குளிர்ந்த வாயு மேகம் ஒன்று தன் ஈர்ப்பினால் சுருங்கத் தொடங்கும்போது, ஒரே பெரிய விண்மீனாகத் திரளாமல் நூற்றுக்கணக்கான விண்மீன்கள் கொண்ட கொத்தாக ஏன் உடைகிறது என்ற கேள்விக்கு, ஒரு கால்குலேட்டரும் வர்க்கமூலம் காணத் தெரிந்த அளவு கணிதமும் இருந்தாலே பெருமளவு விடை கண்டுவிடலாம். இந்தச் செய்முறைக்கு ஓரியன் மூலக்கூறு மேகத்தை (வாயு பெரும்பாலும் மூலக்கூறுகளாக இருக்கும் குளிர்ந்த மேகம்) எடுத்துக்கொள்வோம். நம் பஞ்சாங்கத்தின் திருவாதிரை விண்மீன் இருக்கும் அதே ஓரியன் குழுவில், வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குத் தெற்கே மங்கலான புகைத்திட்டாகத் தெரியும் ஓரியன் நெபுலா, இந்த மேகத்தின் முகப்பில் ஒளிரும் பகுதியாகும். ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அந்த இடத்தில், கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் பிறந்துள்ளன.

படி 1: இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

கணக்குக்குத் தேவையானவை வெப்பநிலையும் அடர்த்தியும் மட்டுமே. மூலக்கூறு மேகத்தின் உட்பகுதி ஏறத்தாழ 10 கெல்வின், அதாவது உறைநிலைக்கு 263 டிகிரி செல்சியஸ் கீழே இருக்கும். அடர்த்தி, மேகத்தின் பரந்த பகுதிகளில் கன சென்டிமீட்டருக்குச் சில நூறு துகள்களாகவும், செறிந்த பகுதிகளில் பத்தாயிரம் முதல் பத்து லட்சம் வரையிலும் இருக்கும். "செறிந்த" என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்: நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 × 10¹⁹ மூலக்கூறுகள் உள்ளன.

படி 2: ஜீன்ஸ் நிறையைக் கணக்கிடுங்கள்

வாயுவின் வெப்பம் அதை விரியச் செய்யப் பார்க்கிறது. ஈர்ப்பு அதைச் சுருக்கப் பார்க்கிறது. எவ்வளவு நிறை சேர்ந்தால் ஈர்ப்பின் கை ஓங்கும் என்பதை 1902ஆம் ஆண்டு ஜேம்ஸ் ஜீன்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் கணக்கிட்டார்; அந்த எல்லையே ஜீன்ஸ் நிறை எனப்படுகிறது. அதைக் காணும் வழி இது. வெப்பநிலையை 10ஆல் வகுத்து, கிடைத்த எண்ணை அதன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். அதை 5.4ஆல் பெருக்குங்கள். பிறகு அடர்த்தியைப் பத்தாயிரத்தால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, முன்பு வந்த விடையை இதனால் வகுங்கள். கிடைப்பது சூரிய நிறைகளில் (சூரியனின் நிறையை ஒன்றாகக் கொண்ட அளவில்) ஜீன்ஸ் நிறை.

இந்த 5.4, ஈர்ப்பு மாறிலி, போல்ட்ஸ்மன் மாறிலி, வாயுத் துகளின் சராசரி நிறை (ஹைட்ரஜன் அணுவைப் போல் 2.33 மடங்கு) ஆகியவற்றை ஒரு கோள மேகத்துக்குப் பொருத்தியதால் வந்தது. வேறு பாடநூலில் வேறு எண் இருந்தால் கலங்க வேண்டியதில்லை. மேகத்தின் வடிவத்தை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். ஜீன்ஸ் தொடங்கிய இடமே சற்றுச் சிக்கலானது: எல்லையற்றுச் சீராகப் பரவி அசையாமல் நிற்கும் வாயுவை அவர் கற்பனை செய்தார், அப்படி ஒரு வாயு தன் ஈர்ப்பிலேயே அசையாமல் நிற்க முடியாது. வானியலாளர்கள் இதை ஜீன்ஸின் தில்லுமுல்லு என்று கேலி செய்வதுண்டு, ஆனாலும் விடை பயன்படுவதால் இன்றுவரை அதைக் கைவிடவில்லை.

படி 3: அடர்த்தியை மட்டும் ஏற்றிப் பாருங்கள்

உடைதலின் சூட்சுமம் முழுவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது. வெப்பநிலையை 10 கெல்வினிலேயே வைத்துக்கொண்டு அடர்த்தியை 100, 10,000, 10 லட்சம் என்று உயர்த்தினால், ஜீன்ஸ் நிறை 54, 5.4, 0.54 சூரிய நிறை என்று இறங்கும். 1,000 சூரிய நிறை கொண்ட ஒரு திரளை எடுத்துக்கொண்டால், முதல் நிலையில் அதில் தனித்துச் சுருங்கக்கூடிய துண்டுகள் சுமார் 18தான். மூன்றாம் நிலையிலோ சுமார் 1,850. அதாவது, முதலில் தனித்து நிற்கவே வலுவில்லாத சிறு பகுதிகள், மேகம் சுருங்கச் சுருங்கத் தம் சொந்த ஈர்ப்பாலேயே தனித்தனியாகச் சுருங்கும் தகுதியைப் பெறுகின்றன. இந்தப் படிப்படியான உடைதலை 1953ஆம் ஆண்டு ஆங்கிலேய வானியலாளர் ஃபிரெட் ஹாயில் முன்வைத்தார்.

சுருங்கும் வாயு சூடாகாதா என்று கேட்பது நியாயமே. சூடாகத்தான் பார்க்கும், ஆனால் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளும் தூசுத் துகள்களும் அந்த வெப்பத்தைக் கதிர்வீச்சாக உடனுக்குடன் வெளியேற்றிவிடுவதால், வெப்பநிலை ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது.

படி 4: காலத்தைச் சரிபாருங்கள்

அழுத்தம் தடுக்காவிட்டால் மேகம் தன்மீதே விழுந்து முடிய ஆகும் காலம், பத்தாயிரம் அடர்த்தியில் 3.4 லட்சம் ஆண்டுகள். அடர்த்தி 100 மடங்கு கூடினால் காலம் பத்தில் ஒன்றாகி, 34,000 ஆண்டுகளாகும். ஆகவே செறிந்த துண்டு தன்னைச் சூழ்ந்த மேகத்தை முந்திக்கொண்டு சுருங்கிவிடுகிறது. ஆனால் துண்டு அந்தச் செறிவுடன்தான் தொடங்கியிருக்க வேண்டும். முற்றிலும் சீரான மேகத்தில் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் விழும், எதுவும் பிரியாது. அந்த ஏற்றத்தாழ்வைத் தருவது மேகத்தினுள் ஒலியை விஞ்சிய வேகத்தில் நடக்கும் கொந்தளிப்பு. அது வாயுவை நீண்ட இழைகளாக அமுக்குகிறது. ஓரியன் நெபுலாவின் பின்னே ஏறத்தாழ 25 ஒளியாண்டு நீளத்துக்கு ஓடும் இழையில்தான், முதலில் சொன்ன இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் கொத்தும் அதற்கு வடக்கே இன்னும் பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களும் அமைந்துள்ளன.

படி 5: உடைதல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இப்படியே போனால் மேகம் தூளாகிவிட வேண்டும். ஆனால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் கோடித் துகள்களை எட்டும்போது தூசு வெளியிடும் அகச்சிவப்புக் கதிரே வெளியேற முடியாமல் போகிறது. மூடி போட்ட பானையைப் போல வெப்பம் உள்ளேயே தங்குகிறது. கணக்கில் 2,500 கோடி என்று இட்டால் ஜீன்ஸ் நிறை 0.0034 சூரிய நிறை, அதாவது வியாழனைப் போல் சுமார் மூன்றரை மடங்கு என்று வரும். அதற்கு மேல் அடர்த்தி 100 மடங்கு ஏறினால் வெப்பநிலை சுமார் 6.3 மடங்கு ஏறுகிறது என்று கொண்டு திரும்பக் கணக்கிடுங்கள்: ஜீன்ஸ் நிறை குறையாமல் 1.6 மடங்காகக் கூடும். ஆகவே துண்டு மேலும் உடைய வழியில்லை. இதே ஓரியன் பகுதியில் உள்ள தீச்சுடர் நெபுலாவை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆராய்ந்தபோது, அதைவிட இலேசானவற்றையும் காணும் திறன் இருந்தும், வியாழனைப் போல் இரண்டு, மூன்று மடங்குக்குக் கீழே பொருள்கள் தென்படவில்லை.

படி 6: விண்மீன்களை எண்ணுங்கள்

துண்டுகளின் எண்ணிக்கையை அப்படியே விண்மீன்களின் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது. கொத்து பிறக்கும் செறிந்த திரளிலும் பொதுவாகப் பத்திலிருந்து முப்பது விழுக்காடு வாயுதான் விண்மீன்களாகிறது. மீதியை, ஓரியன் நெபுலாவின் நடுவிலுள்ளவை போன்ற நிறைமிகு விண்மீன்களின் புறஊதாக் கதிரும் வேகக்காற்றும் துரத்திவிடுகின்றன. நம் 1,000 சூரிய நிறைத் திரளில் 200 சூரிய நிறை வாயு விண்மீன்களாகி, ஒவ்வொன்றும் சராசரியாக 0.5 சூரிய நிறை கொண்டதாக இருந்தால், கொத்தில் 400 விண்மீன்கள் இருக்கும்.

இனி வெப்பநிலையை 20 கெல்வின் என்று மாற்றி, படி 3-ஐ மீண்டும் செய்யுங்கள். ஒவ்வொரு விடையும் 2.8 மடங்காகி, துண்டுகள் அந்த அளவுக்குக் குறையும்.