டிஃபென்சின் ஒரு நச்சை அடக்குகிறதா என்று ஆய்வகத்தில் சோதிப்பது எப்படி?

பாக்டீரிய நச்சை முறிக்கும் புரதம் என்றவுடன் எதிர்ப்பொருள்களே நினைவுக்கு வரும். டெட்டனஸ், தொண்டை அடைப்பான் ஆகிய நோய்களின் நச்சுகளை முறிக்கும் பொருள் இரத்தச் சீரத்தில் இருப்பதை 1890-இல் பெரிங்கும் கிட்டாசாட்டோவும் காட்டியதிலிருந்து அந்த எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் எதிர்ப்பொருள் உருவாகப் பல நாட்கள் ஆகும்; அதற்கு முன்பே களத்தில் இருப்பவை டிஃபென்சின்கள் என்னும் சிறு தற்காப்புப் புரதங்கள். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களில் சேமிக்கப்பட்டிருக்கும் எச்.என்.பி.-1 அவற்றுள் ஒன்று; ஏறத்தாழ 30 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம், நேர்மின்னூட்டம் உடையது, மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்டது. ஆந்த்ராக்ஸ் கிருமியின் கொல்நச்சுக் கூறினை இவ்வகைப் புரதங்கள் தடுப்பதாக 2005-இலும், தொண்டை அடைப்பான் நச்சைத் தடுப்பதாக அதற்கடுத்த ஆண்டிலும் ஆய்வுகள் வெளிவந்தன. வேறொரு நச்சின்மீதும் டிஃபென்சின் இவ்வாறு செயல்படுகிறதா என்று அறிய விரும்பும் உயிர்வேதியியல் மாணவருக்காக இக்குறிப்பு எழுதப்படுகிறது.

முதல் முயற்சிக்குச் சிவப்பணுக்களைத் துளையிடும் நச்சு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உடைந்த அணுவிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபினின் நிறமே அளவீடாகிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் அத்தகைய நச்சான ஸ்ட்ரெப்டோலைசின் ஓ ஆய்வுப் பயன்பாட்டிற்கென விலைக்குக் கிடைக்கிறது. நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியோடு அதைக் கையாளலாம். இந்த நச்சில் ஒரு சிக்கல் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜனால் அது செயலிழப்பதால், டைதயோத்ரெய்டால் போன்ற ஒடுக்கியைச் சேர்த்தே அதைச் செயல்படுத்துவார்கள்; அதே ஒடுக்கி டிஃபென்சினின் டைசல்ஃபைடு பிணைப்புகளையும் அறுத்துவிடும். எனவே நச்சை முதலில் செயல்படுத்தி, உப்புநீக்கும் சிறு பத்தி (column) வழியே செலுத்தி ஒடுக்கியை அகற்றிய பிறகே டிஃபென்சினோடு சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் “தடுப்பு இல்லை” என்று முடிவெழுதினால், அது உருக்குலைந்த டிஃபென்சினைப் பற்றிய முடிவாகவே இருக்கும்.

டிஃபென்சினை 0.01 சதவீத அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, புரதம் ஒட்டாத வகைப் பிளாஸ்டிக் குழாய்களில் வைக்கவும். நேர்மின்னூட்டமுள்ள இச்சிறு புரதங்கள் கண்ணாடியிலும் சாதாரண பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்வதால், குறித்த செறிவு ஒன்றாகவும் கரைசலில் உண்மையில் மிஞ்சியிருப்பது வேறாகவும் அமைந்துவிடும். சிவப்பணுக்களைப் பாஸ்பேட் உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவி 2 சதவீதக் கலவையாக்கவும். கழுவுவதில் சிக்கனம் கூடாது. பிளாஸ்மாவிலுள்ள கொலஸ்ட்ரால் இந்த நச்சைத் தானே தடுக்கும், முன்பு தொண்டைத் தொற்றுக்கு ஆளானவரின் இரத்தத்தில் இதற்கெதிரான எதிர்ப்பொருளும் இருக்கக்கூடும்.

அடுத்து நச்சின் அளவை நிர்ணயிக்க வேண்டும். சோதனையின் தரம் பெரும்பாலும் இந்தப் படியைப் பொறுத்ததே என்பது என் கருத்து. நச்சைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே சென்று, 37 பாகை செல்சியஸில் 30 நிமிடங்களில் சுமார் 80 சதவீத அணுக்களை உடைக்கும் அளவைக் கண்டறியவும். எல்லா அணுக்களையும் உடைக்கப் போதுமானதைவிட இருமடங்கு நச்சை எடுத்துக்கொண்டால், அதில் பாதியை டிஃபென்சின் அடக்கினாலும் எஞ்சிய பாதி எல்லாவற்றையும் உடைத்துவிடும்; தடுப்பு நிகழ்ந்தும் அளவீட்டில் தெரியாமல் போகும்.

இனி, அந்த அளவு நச்சோடு அரை மைக்ரோமோலார் முதல் 16 மைக்ரோமோலார் வரை இருமடங்காக ஏறும் செறிவுகளில் டிஃபென்சினைக் கலந்து, அறை வெப்பத்தில் 15 நிமிடங்கள் வைத்த பிறகு சிவப்பணுக்களைச் சேர்த்து, 37 பாகையில் 30 நிமிடங்கள் வைக்கவும். பின்னர் மையவிலக்கியில் சுழற்றி, மேல்தெளிவின் ஒளி உறிஞ்சலை 540 நானோமீட்டரில் அளக்கவும். உப்புக் கரைசல் மட்டும் சேர்த்த அணுக்களைச் சுழி எனவும், தூய நீரால் முழுவதும் உடைத்த அணுக்களை நூறு எனவும் கொண்டு சதவீதத்தைக் கணக்கிடலாம்.

கட்டுப்பாட்டுக் குழாய்கள் இல்லாமல் இந்த எண்களுக்குப் பொருள் இல்லை. நச்சைத் தனியாகவும் அதே 15 நிமிடங்கள் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் அது தானாகவே வலுவிழக்கும். டிஃபென்சினுக்குப் பதிலாக அது கரைந்திருந்த அசெட்டிக் அமிலத்தை மட்டும் சேர்த்த குழாய் ஒன்று வேண்டும். டிஃபென்சினும் அணுக்களும் மட்டும் உள்ள குழாயும் வேண்டும், ஏனெனில் அதிகச் செறிவில் டிஃபென்சினே செல்களைத் தாக்கலாம். இவற்றைவிட முக்கியமானது, டைசல்ஃபைடு பிணைப்புகளை அமைக்கும் ஆறு சிஸ்டீன்களும் ஆல்ஃபா அமினோ பியூட்ரிக் அமிலத்தால் மாற்றப்பட்ட நேர்க்கோட்டு வடிவம். மின்னூட்டம் அப்படியே இருந்தும் மடிப்பு இல்லாத இந்த வடிவமும் தடுத்தால், நாம் காண்பது டிஃபென்சினின் தனித்திறன் அன்று, வெறும் மின்னூட்ட ஒட்டுதலாக இருக்கலாம்.

தடுப்பு உறுதியானால், அது எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்று பார்க்கலாம். இந்த நச்சு குளிரிலும் அணுவின் படலத்தில் ஒட்டும். ஆனால் துளையிட வெப்பம் வேண்டும். ஆகவே 4 பாகையில் நச்சை அணுக்களில் ஒட்டவைத்து, ஒட்டாததைக் கழுவி நீக்கி, டிஃபென்சினைச் சேர்த்த பின் 37 பாகைக்குக் கொண்டு வாருங்கள். அப்போதும் உடைவு குறைந்தால், ஒட்டிய பின் நிகழும் ஏதோ ஒரு படியை அது தடுக்கிறது என்று கொள்ளலாம்.

பிணைப்பின் தன்மையை அறிய, அணுக்களை விட்டுவிட்டு, சைப்ரோ ஆரஞ்சு சாயத்தோடு நச்சை மெல்லச் சூடாக்கி அதன் உருகு வெப்பநிலையை, அதாவது மடிப்பு அவிழும் வெப்பநிலையை, அளக்க வேண்டும். மடிப்பு அவிழ்ந்து நீர்வெறுக்கும் பகுதிகள் வெளிப்படும்போது சாயம் ஒளிரும். பொதுவாக ஒரு புரதத்தோடு வேறொரு மூலக்கூறு பிணைந்தால் அந்தப் புரதத்தின் உருகு வெப்பநிலை உயரும். டிஃபென்சினோ பல நச்சுகளில் அதைத் தாழ்த்துகிறது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. படலத்தைக் கடப்பதற்காகத் தம் வடிவத்தை மாற்ற வேண்டியிருப்பதால் நச்சுகள் இயல்பாகவே நிலைத்தன்மை குறைந்தவை. அந்த நெகிழ்வைப் பயன்படுத்தி டிஃபென்சின் அவற்றை அவிழ்த்துவிடுகிறது. புரதங்களை வெட்டும் நொதியான கைமோட்ரிப்சினைச் சிறிதளவு சேர்த்து, டிஃபென்சின் உள்ள குழாயில் நச்சு விரைவாகச் சிதைகிறதா என்று ஜெல்லில் பார்ப்பது இதற்கான எளிய உறுதிப்பாடு; இந்த அவிழ்ப்பு நச்சுக்கே உரியதா என்று அறிய, நச்சுக்குப் பதிலாக ஒரு சாதாரண மனிதப் புரதத்தை வைத்தும் இதைச் செய்துவிடுங்கள்.

முடிவை எழுதும்போது உப்பின் செறிவையும் சீரம் இருந்ததா இல்லையா என்பதையும் தவறாமல் குறிப்பிடவும். சீரம் டிஃபென்சினின் செயலை வெகுவாகக் குறைக்கக்கூடியது. சீரமே இந்த நச்சையும் தடுப்பதால், அதைச் சேர்த்துச் செய்யும் சோதனையில் சீரமும் நச்சும் மட்டும் உள்ள குழாயை ஒப்பீட்டுக்கு வைத்தே டிஃபென்சினின் பங்கைப் பிரித்தறிய முடியும்.