ஒரு காதில் மட்டும் பேச்சு கேட்கிறதா?

வீடியோவிலிருந்து ஒலியைத் தனியே பிரித்த பிறகு ஹெட்போனின் ஒரு பக்கத்தில் மட்டும் பேச்சு கேட்டால், பிரித்த மென்பொருளைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். சட்டையில் குத்தும் மைக்கைக் கேமராவில் இணைத்துப் பதிவு செய்யும்போது, பேச்சு இடது தடத்தில் மட்டும் விழுந்து வலது தடம் வெறுமையாக நிற்பது அடிக்கடி நடக்கிறது.

ஒலியைத் திருத்த உதவும் இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் கோப்பைத் திறந்துகொள்ளுங்கள். எம்பி4 திறக்கவில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளையும் நிறுவ வேண்டும். தடத்தின் பெயரருகே திறக்கும் பட்டியலில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' என்பதைத் தேர்ந்தெடுத்து, அலை எழாமல் நேர்கோடாகக் கிடக்கும் தடத்தை நீக்கிவிடுங்கள். மிஞ்சியது இரு காதுகளிலும் ஒலிக்கும். வெற்றுத் தடத்தையும் சேர்த்துக் கலந்து மோனோவாக்கினால், அதாவது ஒரே தடமாக்கினால், ஒலி சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும், நீக்குவதே மேல்.

இரு தடங்களிலும் அலை இருந்தும், மோனோவாக்கியவுடன் பேச்சு மங்கி மறைகிறதா? ஒரு தடத்தின் அலை மற்றதன் தலைகீழாகப் பதிவாகி, கலக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. கலப்பதற்கு முன் ஒரு தடத்துக்கு மட்டும் அலையைத் தலைகீழாக்கும் 'இன்வர்ட்' கொடுங்கள், குரல் திரும்பிவிடும்.

வேலை முடியும்வரை வேவ் கோப்பாகவே சேமியுங்கள். எம்பி3யாக மீண்டும் மீண்டும் மாற்றினால் ஒவ்வொரு முறையும் தரம் தேயும்.