காசோலையில் யார் கையெழுத்து? கோலாலம்பூரில் மகளிர் பண்பாட்டுக் குழு அமைப்போருக்கு

கோலாலம்பூரில் பொங்கல் விழா, நவராத்திரிக் கொலு, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு என எதை எடுத்துக்கொண்டாலும், கோலமிடுவது, மாலை கட்டுவது, பிள்ளைகளுக்கு நடனம் பழக்குவது, இருநூறு பேருக்குச் சமைத்துப் பரிமாறுவது ஆகியவை பெரும்பாலும் பெண்களின் கையால்தான் நடக்கின்றன. அவ்விழாவுக்கு எவ்வளவு செலவிடலாம் என்று முடிவெடுப்பதும் காசோலையில் கையெழுத்திடுவதும் மட்டும் ஆண்களிடமே தங்கிவிடுகின்றன. ஒன்பது ஆண்டுகள் சங்கச் செயலவைகளில் கூட்டக் குறிப்பு எழுதியவள் என்ற முறையில், பண்பாட்டையும் பெண்களின் தலைமையையும் ஒருசேர வளர்க்க விரும்பும் குழு முதலில் கைவைக்க வேண்டிய இடம் பணப்பொறுப்பு என்றே சொல்வேன். மேடையில் மகளிர்க்கென ஓர் அரை மணி நேரம் ஒதுக்குவது எளிது. அதனால் அடுத்த ஆண்டு எதுவும் மாறுவதில்லை.

புதிய சங்கம் பதிவு செய்வதா, ஏற்கெனவே உள்ள சங்கத்தின் அல்லது ஆலயத்தின் மகளிர் பகுதியாக இயங்குவதா என்பதை முதற்கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, ஏழு பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து அமைக்கும் குழு சங்கமாகக் கொள்ளப்படும். அது சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெறாத சங்கம் சட்டவிரோதச் சங்கமாகக் கருதப்படக்கூடும் என்பதால், வாட்ஸ்அப் குழுவாகத் தொடங்கிய நட்பு வட்டம் நாற்பது பேராக வளர்ந்து, சந்தாவும் நன்கொடையும் திரட்டத் தொடங்கிவிட்டால், இனி தள்ளிப்போடுவதற்கில்லை. விண்ணப்பத்தை இப்போது இரோசஸ் என்னும் இணையத்தளத்தின் வழியாகவே அனுப்பலாம்.

மகளிர் பகுதியாக இயங்குவது தொடக்கத்தில் வசதியானதுதான். கூட்டம் நடத்த மண்டபம் கிடைக்கும், வங்கிக் கணக்கும் கணக்காய்வாளரும் தயாராக இருப்பார்கள். ஆனால் நம்முடைய பணம் தாய்ச்சங்கத்தின் கணக்கிலேயே கிடக்கும். நான் இருந்த ஒரு மகளிர் பகுதியில், கோலப்போட்டிக்காகக் கைப்பணம் போட்டு வாங்கிய 80 ரிங்கிட் பெறுமான அரிசிக்கும் சாயத்துக்கும் பணம் திரும்பி வர நான்கு மாதமாயிற்று. மூன்று முறை இரசீது கேட்டார்கள், மூன்று முறையும் கொடுத்தோம். இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஆண்டுத் தொடக்கத்திலேயே மகளிர் பகுதிக்கென ஒரு தொகையை ஒதுக்கி, அதைச் செலவிடும் அதிகாரம் மகளிர் பகுதித் தலைவிக்கு உண்டு என்று செயலவைத் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையாகத் தந்த உறுதிமொழி அடுத்த தலைவர் வந்ததும் காற்றில் போய்விடும்.

தனிச் சங்கமாகப் பதிவு செய்வோர் பெரும்பாலும் மாதிரி விதிமுறைகளை அப்படியே படியெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பிறகு ஒரு விதியைத் திருத்த வேண்டுமானால் பொதுக்கூட்டத் தீர்மானமும் பதிவிலாகாவின் ஒப்புதலும் தேவைப்படும் என்பதால், அனுப்புவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை அதற்கென ஒதுக்கி, வரி வரியாக வாசித்துவிடுங்கள். ஒரே பதவியில் ஒருவர் தொடர்ந்து எத்தனை தவணை இருக்கலாம் என்பதற்கு வரம்பு வையுங்கள். காசோலையில் இருவர் கையெழுத்திட வேண்டும் என்பதோடு, துணைப் பொருளாளர் ஒவ்வொரு மாதமும் கணக்கேட்டைப் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்பதையும் சேர்த்துவிட்டால், அடுத்த பொருளாளர் தானாகவே உருவாகிக்கொண்டிருப்பார். குடியுரிமை இல்லாத உறுப்பினரைச் செயலவையில் சேர்க்க நினைத்தால், அது குறித்துப் பதிவிலாகாவிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஆட்களைத் தேடும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு தீபாவளிக்கு முன், பேரங்காடி ஒன்றின் நடுக்கூடத்தில் சாயமேற்றிய அரிசியால் பதினெட்டு அடிக் கோலமொன்று போட்டோம். அதைத் தாங்கி நடத்தியவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த, அறுபது வயதைக் கடந்த ஓர் அக்காள். அவர் முதல் வாரமே கோலத்தைக் கட்டத்தாளில் வரைந்து, எந்த நிறத்துக்கு எத்தனை கிலோ அரிசி, யார் எந்தப் பக்கம் உட்காருவது, எந்த வரிசையில் பின்வாங்கினால் போட்ட கோலத்தில் கால்படாது என்பதையெல்லாம் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். மயிலின் தோகைக்குப் பச்சை அரிசி போதாமல் போனபோது, பதறாமல் தோகையின் விளிம்புகளை மஞ்சளாக்கி, அதுவே முதலில் போட்ட திட்டம் போலத் தோன்றும்படி முடித்துவிட்டார். பிரமுகர்கள் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் கழிவறையில் கைச்சாயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். செயலவைக்கு வாருங்கள் என்று அழைத்தபோது, "எனக்கு என்னாம்மா தெரியும், நான் படிக்காதவ" என்றார்.

வரவுசெலவு, ஆள் பகிர்வு, நேரத் திட்டம், நெருக்கடியில் முடிவெடுப்பது ஆகிய அனைத்தையும் அந்த ஒரே கட்டத்தாளில் அவர் செய்து காட்டியிருந்தார். இத்தகையோரிடம் பதவியின் பெயரைச் சொல்லி அழைத்தால் ஒதுங்கிக்கொள்வார்கள். வேலையைச் சொல்லி அழைத்தால் வருவார்கள். மறு ஆண்டு அவரிடம், கோலப் பகுதிக்கு 600 ரிங்கிட் இருக்கிறது, நீங்களே வாங்கி, நீங்களே ஆள் வைத்து, கணக்கை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள் என்று சொன்னோம். பள்ளிக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிய கணக்கும் 43 ரிங்கிட் மிச்சமும் வந்து சேர்ந்தன. அடுத்த பொதுக்கூட்டத்தில் அவரைத் துணைப் பொருளாளராக முன்மொழிந்தபோது அவர் மறுக்கவில்லை.

விழா ஏற்பாட்டின் நடைமுறைகளுக்கு வருவோம். அடுக்குமாடி வளாகத்தில் பொங்கல் வைக்க விரும்புவோர், நிர்வாகக் குழுவின் எழுத்துவழி அனுமதியைப் பெற்று, கூரையில்லாத இடத்தில், மணல் பரப்பிய தகட்டின் மேல் அடுப்பு மூட்ட வேண்டும். மூடிய கூடத்தில் புகை எழுந்தால் தீயெச்சரிக்கை மணிதான் பொங்கலோ பொங்கல் சொல்லும். பொதுமக்களுக்கான கலை நிகழ்ச்சி என்றால், 1992ஆம் ஆண்டு கேளிக்கைச் சட்டத்தின்கீழ் உரிமம் தேவையா என்பதைக் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கலைஞரை வரவழைத்தால், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி வழங்கும் அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதி வேண்டும். விமானச்சீட்டு வாங்கிய பிறகு இதை நினைவுகூர்ந்து தலையில் கைவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மலாய் அண்டை வீட்டாரையும் அழைப்பதாக இருந்தால், ஹலால் சான்றிதழ் பெற்ற கடையில் சாப்பாட்டுக்குச் சொல்லி, சைவ உணவைத் தனி மேசையில் பெயர் எழுதி வையுங்கள்.

எந்தக் கலையை முன்னிறுத்துவது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. பரதநாட்டியத்துக்கு இந்நகரில் குறைவில்லை. பிரிக்பீல்ட்ஸில் உள்ள டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981ஆம் ஆண்டிலிருந்து அதைச் செவ்வனே செய்துவருகிறது. சிறிய குழுவொன்று அதே பாதையில் போட்டியிடுவதைவிட, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலும், அவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைகளிலும் வளர்ந்த தாலாட்டு, கும்மி, கோலாட்டம், ஒப்பாரி ஆகியவற்றை எடுத்துக்கொள்வது நல்லது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், பிறகு ரப்பர் பால்மரம் வெட்டிய பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பாடுவதைப் பேத்திகள் கைப்பேசியில் பதிவு செய்து, சொற்களை எழுதி, ஊரையும் தோட்டத்தின் பெயரையும் குறித்து, பாட்டியையே மேடையேற்றிப் பாடவைக்கலாம். பாடுபவரின் சம்மதத்தை முதலில் கேட்டுவிடுங்கள். ஒப்பாரியைச் சிலர் விழாமேடையில் பாட விரும்பமாட்டார்கள்.

மண்டபத்தின் ஓரத்தில் வைக்கும் கண்காட்சிக்கும் இந்த மண்ணின் பெண்களையே தேர்ந்தெடுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல் சிங்கப்பூரில் தொடங்கிய, இந்திய தேசிய இராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சிராணிப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப்பெண்கள் பலர் சேர்ந்தார்கள். கோலாலம்பூரில் வளர்ந்த ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், அப்படையில் உயர்பொறுப்பு வகித்து, 1946இல் மலாயா இந்தியக் காங்கிரஸ் தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவராக இருந்தார். 2000இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. அதே படையில் இருந்த ராசம்மா பூபாலன் 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தொழிற்சங்கம் அமைத்து, சம ஊதியத்துக்காகப் போராடினார். துப்பாக்கி ஏந்திய படத்தை மட்டும் ஒட்டிவிட்டு நிறுத்திவிடாமல், போர் முடிந்த பிறகு இவ்விருவரும் கட்சியிலும் தொழிற்சங்கத்திலும் உட்கார்ந்து செய்த வேலையை விளக்குங்கள். பார்க்க வரும் பதினைந்து வயதுப் பெண்ணால் துப்பாக்கி ஏந்த முடியாது. கூட்டம் நடத்தக் கற்றுக்கொள்ள முடியும்.

ஒலிவாங்கியைப் பொறுத்தவரை, நிகழ்ச்சி நெறியாளராக எப்போதும் குரல்வளம் மிக்க ஒருவரையே நிறுத்தாமல், இருவர் இருவராக மாற்றிப் போடுங்கள். ஒருவர் பழகியவர், மற்றவர் புதியவர். தமிழில் முழுமையாக அறிவித்த பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் சுருக்கமாகச் சொல்லலாம். வணக்கமும் நன்றியும் மட்டும் தமிழில், மற்றவையெல்லாம் ஆங்கிலத்தில் என்று நடக்கும் தமிழ் விழாக்களைக் கண்டு எனக்கு அலுத்துவிட்டது.

கணவரின் வேலை நிமித்தம் தமிழகத்திலிருந்து அண்மையில் வந்து குடியேறிய பெண்கள் பலர் கணக்கியலும் பொறியியலும் படித்தவர்கள். வெளிநாட்டு ஊழியரின் குடும்பத்தினருக்குத் தரப்படும் சார்ந்தோர் அனுமதியில் இருப்பதால், தனியே வேலை அனுமதி பெறாமல் ஊதிய வேலை பார்க்க இயலாமல் வீட்டில் இருப்பவர்கள். அவர்கள் இவ்வூர்த் தமிழைக் கேட்டுச் சிரிக்காமலும், இவ்வூர்ப் பெண்கள் அவர்களை விருந்தாளியாகவே வைத்திராமலும் இருந்தால் குழுவுக்குப் பெரும்பலம். மதிப்பூதியம் எதுவும் கொடுக்கும் முன் குடிநுழைவு விதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்களை என்ன செய்வது என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். நாற்காலி அடுக்கவும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும், பாத்திரம் கழுவவும் பெயர்ப்பட்டியல் போட்டு ஒட்டிவிடுங்கள்; ஒட்டிய பட்டியலில் தன் பெயரைப் பார்த்தவர் பெரும்பாலும் வந்துவிடுகிறார். கூட்டங்களை இரவு ஒன்பது மணிக்கு வைப்பதை நிறுத்திவிட்டு, ஞாயிறு காலை தேவார வகுப்பு நடக்கும் நேரத்தில், பிள்ளைகள் பக்கத்து அறையில் இருக்கும்போது வைத்தாலே வருகை கூடிவிடும்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் பதிவிலாகாவைச் சென்றடைய வேண்டும். புதிய செயலவை தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் பழைய செயலாளர் இந்த வேலையைத் தாமே முடித்துக் கொடுத்துவிடக் கூடாது. கணினியின் முன் புதியவரை உட்காரவைத்து, தாம் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, கடவுச்சொல்லை அவரிடமே ஒப்படைத்து, முதல் பக்கத்திலிருந்து அவர் கையாலேயே நிரப்பச் செய்ய வேண்டும். எங்களுக்கு அதற்கு இரண்டு சனிக்கிழமையும் நிறையக் கோப்பியும் தேவைப்பட்டன.