ராத்திரி காது இரைந்தால் ஃபேனை நிறுத்தாதீர்கள்

படுக்கும்போது காதில் 'ஙொய்' என்று இரைந்தால் அறையை நிசப்தமாக்காதீர்கள். ஃபேன் ஓடட்டும்; குளிர் என்றால் போனில் மழைச் சத்தத்தைத் தலைமாட்டில் வையுங்கள். இரைச்சலை முழுக்க அமுக்க வேண்டாம். அதைவிட ஒரு படி கீழே, இரண்டும் சேர்ந்து கேட்கிற அளவு போதும். வெளியே சத்தம் குறைந்தால் மூளை உள்ளே 'வால்யூமை'க் கூட்டிக்கொள்ளும். பகலில் தெரியாதது ராத்திரி பெரிதாகக் கேட்பது அதனால்தான். லேசான ஒலி இருந்தால் கவனம் இரைச்சலில் ஒட்டாது, போகப்போகப் பழகிவிடும். இயர்போன் மட்டும் வேண்டாம்.

ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ ஃபேனை நம்பாமல் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். திடீரென்று காது மந்தமானால் அன்றைக்கே.