லைப்ரரி காணவில்லை என்றதும் நாம் செய்யும் தவறுகள்

லினக்ஸில் ஒரு புரோகிராமை ஓட்டுகிறீர்கள். 'எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்' என்று ஒரு வரி, அதில் ஒரு ஃபைல் பெயர், கடைசியில் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. உடனே அந்த ஃபைல் பெயரை காப்பி செய்து வலையில் தேடுவோம். கண்ணில் படும் முதல் கமாண்டை சூடோ போட்டு, அதாவது ரூட் எனப்படும் நிர்வாகியின் அதிகாரத்தோடு, ஓட்டுவோம். நானும் பல வருடம் இதைத்தான் செய்தேன். சில நேரம் சரியாகிவிடும். சரியாகாத நாளில், ஒன்றாக இருந்த கோளாறு மூன்றாகியிருக்கும்.

அந்த வரியை எழுதுவது லோடர். புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பே அதற்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோடு ஃபைல்களை, தேடி மெமரியில் ஏற்றுவது அதன் வேலை. 'இந்தப் பெயரில் ஒரு ஃபைல், நான் தேடிய இடங்களில் கிடைக்கவில்லை' என்பதுதான் அது சொல்லும் செய்தி. டிஸ்க்கில் வேறெங்காவது அது இருக்கிறதா என்பதைப் பற்றி லோடருக்குக் கவலை இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வரியின் கடைசித் துண்டைப் படிக்காமல் விடுவது முதல் தவறு. அங்கே 'பெர்மிஷன் டினைட்' என்று இருந்தால் ஃபைல் இருக்கிறது, படிக்கத்தான் அனுமதி இல்லை. யூமாஸ்க்கை (புதிய ஃபைலுக்கு யாருக்கு அனுமதி என்று தீர்மானிக்கும் அமைப்பு) கறாராக வைத்துக்கொண்டு ரூட்டாக இன்ஸ்டால் செய்தால் இப்படி ஆகும்; ரூட்டுக்கு ஓடும், மற்ற யாருக்கும் ஓடாது. 'ராங் எல்ஃப் கிளாஸ்' என்றால் 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துவிட்டன. லைப்ரரி பெயரே வராமல், கண்ணெதிரே இருக்கும் புரோகிராமையே ஷெல் 'நோ சச் ஃபைல்' என்று சொன்னால் குழம்ப வேண்டாம்: காணாமல் போனது லோடர். 64 பிட் கணினியில் 32 பிட் புரோகிராமை ஓட்டும்போதும், சாதாரண டிஸ்ட்ரோவில் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு) உருவாக்கியதை ஆல்பைன் என்ற டிஸ்ட்ரோவின் கன்டெய்னரில் (தனியாக அடைத்து ஓட்டும் சூழல்) போடும்போதும் இது நடக்கும். ஆல்பைனில் இருப்பது மஸில் என்ற வேறு சி லைப்ரரி, அதன் லோடரும் வேறு. 'ஃபைல்' கமாண்டை அந்த புரோகிராமின் மேல் ஒருமுறை ஓட்டினால், எத்தனை பிட், எந்த லோடரைக் கேட்கிறது என்று சொல்லிவிடும்.

சரி, ஃபைல் கையில் இருக்கிறது, புரோகிராமுக்குப் பக்கத்திலேயே வைத்தாயிற்று, ஆனாலும் அதே எரர். விண்டோஸிலிருந்து வருபவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். லினக்ஸ் லோடர் தானாகப் பக்கத்து ஃபோல்டரில் பார்க்காது. புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்த பாதை, எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறி, எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற பட்டியல், கடைசியாக /லிப், /யூஎஸ்ஆர்/லிப் போன்ற வழக்கமான இடங்கள், இவ்வளவுதான் அதன் உலகம். சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து 'மேக் இன்ஸ்டால்' கொடுத்த லைப்ரரி பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் உள்ளே போய் உட்காரும். உபுண்டுவில் அந்த இடம் ஏற்கெனவே தேடும் பாதைகளில் உண்டு, பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கமாண்டை ஒருமுறை ஓட்டினால் போதும். ஃபெடோராவில் அது இருக்காது, /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டரில் பாதையை எழுதி ஒரு ஃபைல் வைத்த பிறகே எல்டிகான்ஃபிக். ஓட்டியபின் 'எல்டிகான்ஃபிக் -பி' கொடுத்து பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் மூன்று முறை மறுபடி கம்பைல் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து சிம்லிங்க், அதாவது ஒரு பெயரிலிருந்து வேறொரு ஃபைலைக் காட்டும் குறுக்குவழி. எனக்கு மிகவும் எரிச்சல் தரும் 'தீர்வு' இதுதான். புரோகிராம் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 ஃபைலைக் கேட்கிறது, கணினியில் இருப்பதோ லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3. பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டு புதியதைக் காட்டிவிடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். போட்டதும் 'காணவில்லை' என்ற எரர் மறைந்துவிடும், வெற்றி என்று தோன்றும். அடுத்த நொடியே 'வெர்ஷன் ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 நாட் ஃபவுண்ட்' என்று வேறொரு வரி வந்து நிற்கும்.

ஏன் என்றால், பெயரின் கடைசியில் இருக்கும் அந்த எண் அலங்காரத்துக்கு இல்லை. பழைய புரோகிராம்களோடு ஒத்துப்போகாத மாற்றம் ஏதாவது செய்தால் லைப்ரரியை எழுதுபவர்கள் அந்த எண்ணை மாற்றுவார்கள். 2021 செப்டம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வந்தபோது நடந்தது அதுதான். 22.04 முதல் உபுண்டு அந்த வரிசைக்கு மாறியதும் பழைய பைனரிகள் (கம்பைல் செய்த புரோகிராம்கள்) வரிசையாக விழுந்தன. இதில் எரர் வந்தால்கூட நல்லதே. உள்ளே வெர்ஷன் குறிப்பு வைக்காத லைப்ரரிகளும் உண்டு. அவற்றுக்குச் சிம்லிங்க் போட்டால் புரோகிராம் சமர்த்தாக ஓடத் தொடங்கி, பாதியில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற மெமரி பிழையில் நின்றுவிடும், அல்லது சத்தமே இல்லாமல் தப்பான விடை தரும். பழைய வரிசை ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கான இலவசப் பராமரிப்பு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. அதனால் அதையே தேடிப் பிடித்துப் போடுவதைவிட, புரோகிராமின் புதிய வெர்ஷன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பழைய டிஸ்ட்ரோ உள்ள ஒரு கன்டெய்னருக்குள் அதை ஓட்டலாம்.

விதிவிலக்கும் ஒன்று உண்டு, மறைக்கக் கூடாது. உபுண்டு 24.04இல், 2038ஆம் ஆண்டில் 32 பிட் நேர எண் நிரம்பிவிடும் சிக்கலுக்காகப் பல பேக்கேஜ்களின் பெயரில் டி64 என்ற வால் ஒட்டிக்கொண்டது. லிப்ஏஐஓ விஷயத்தில் ஃபைலின் பெயரே லிப்ஏஐஓ.எஸ்ஓ.1டி64 என்று மாறிவிட்டது. 64 பிட் கணினியில் உள்ளே இருப்பது பழையதோடு ஒத்துப்போவதுதான், அங்கே சிம்லிங்க் போட்டால் வேலை செய்யும். ஒரு லைப்ரரிக்கு இது சரி என்று தெரிந்துகொண்டு போடுவது வேறு, எல்லாவற்றுக்கும் போடுவது வேறு.

எல்டி_லைப்ரரி_பாத்தை, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி ஃபைலில் எழுதி வைப்பது என் சொந்தத் தவறு. எழுதிய அன்று டெர்மினலில் எல்லாம் அழகாக ஓடியது. அதே புரோகிராமைப் பின்னணியில் தானாக ஓடும் சிஸ்டம்டி சர்வீஸாக மாற்றியபோது மறுபடியும் 'காணவில்லை'. சர்வீஸும், குறித்த நேரத்தில் கமாண்டுகளை ஓட்டும் கிரானும் உங்கள் பாஷ்ஆர்சியைப் படிப்பதில்லை. சூடோவும் பாதுகாப்புக்காக அந்த மாறியைத் தூக்கி எறிந்துவிடும். அது புரியாமல் அரை நாள் பெர்மிஷனை நோண்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் இன்னொரு வினை: அந்த ஃபோல்டரில் மென்பொருளோடு வந்த பழைய லிப்எஸ்டிடிசி++ (சி++ லைப்ரரி) ஒன்றும் இருந்தது. என் டெர்மினலில் ஓடும் மற்ற புரோகிராம்களும் அதையே எடுத்துக்கொண்டு, 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்' வெர்ஷன் இல்லை என்று கத்த ஆரம்பித்தன.

அதிலும் பலர் எழுதும் விதத்தில் ஒரு பொறி இருக்கிறது. புதிய பாதை, ஒரு முக்காற்புள்ளி, பின்னால் பழைய மதிப்பு என்று எழுதுவார்கள். பழைய மதிப்பு காலியாக இருந்தால் கடைசியில் முக்காற்புள்ளி மட்டும் தொங்கும். காலி இடத்தை லோடர் 'இப்போது நிற்கும் ஃபோல்டர்' என்று எடுத்துக்கொள்ளும். யாரோ தந்த ஃபோல்டருக்குள் நின்று ஒரு கமாண்டை ஓட்டினால், அங்கே கிடக்கும் போலி லைப்ரரி ஏறிவிடலாம். ஒரே ஒரு புரோகிராமுக்கென்றால், ஓட்டும் கமாண்டுக்கு முன்னால் அந்த மாறியை எழுதி அந்த ஒரு முறைக்கு மட்டும் கொடுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் பேட்ச்எல்ஃப் என்ற கருவியைக் கொண்டு புரோகிராமுக்குள்ளேயே பாதையை எழுதலாம். $ஆரிஜின் என்று தொடங்கினால் புரோகிராம் இருக்கும் இடத்திலிருந்து தேடும். அதை ஒற்றை மேற்கோளுக்குள் போட மறந்தால் ஷெல் அதைக் காலியாக்கிவிடும், கவனம்.

பேக்கேஜ் பெயரை ஊகித்துப் போடுவதும் வீண் வேலை. ஃபைல் பெயரை வைத்தே தேடலாம்: உபுண்டு, டெபியனில் ஏப்ட்-ஃபைல் சர்ச்; ஃபெடோராவில் டிஎன்எஃப் புரொவைட்ஸ்; ஆர்ச்சில் பேக்மேன் -எஃப். ஆப்இமேஜ் (ஒரே ஃபைலாக வரும் புரோகிராம்) ஓடாமல் லிப்ஃபியூஸ்.எஸ்ஓ.2 இல்லை என்று சொன்னால், உபுண்டு 22.04இல் போட வேண்டியது லிப்ஃபியூஸ்2. பெயர் ஒத்துப்போகிறதே என்று வெறும் 'ஃபியூஸ்' பேக்கேஜைப் போட்டால் ஃபியூஸ்3 கழன்று, அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப் பேக்கேஜ்களும் கூடவே போகலாம். ஏப்ட் 'இவை நீக்கப்படும்' என்று காட்டும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' அழுத்தாதீர்கள்.

இந்த லிப்ஃபியூஸ் எரரில் இன்னொன்றும் இருக்கிறது. வேண்டிய லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கமாண்டை ஓட்டினால் எல்லாம் இருப்பதாகவே காட்டும், ஆனால் ஓட்டும்போது மட்டும் காணோம் என்று வரும். ஓடத் தொடங்கிய பிறகு டிஎல்ஓப்பன் என்ற அழைப்பின் வழியாகக் கேட்கும் லைப்ரரிகள் எல்டிடிக்குத் தெரியாது. எல்டி_டீபக்=லிப்ஸ் என்று முன்னால் போட்டு ஓட்டுங்கள்; லோடர் எந்தெந்த ஃபோல்டரைத் தட்டிப் பார்த்தது என்று வரிவரியாகக் கொட்டும். நம்பகமில்லாத பைனரியின் மேல் எல்டிடியை ஓட்டவே வேண்டாம், சில சூழ்நிலைகளில் அது புரோகிராமையே ஓட்டிவிடும். அதற்கு ரீட்எல்ஃப் -டி போதும்.

ஜிலிப்சி என்பது உபுண்டு போன்றவற்றின் அடிப்படை சி லைப்ரரி. 'ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். உபுண்டு 20.04இல் இருப்பது 2.31, 22.04இல் உருவாக்கிய பைனரி 2.35 வரை கேட்கலாம். வேறு கணினியிலிருந்து அதன் ஃபைலான லிப்சி.எஸ்ஓ.6ஐக் கொண்டுவந்து பழையதன் மேல் போட்டால் அந்த நொடியிலிருந்து எல்எஸ், சிபி, எல்என் எதுவுமே ஓடாமல் போகலாம், ஏனென்றால் எல்லாமே அதை நம்பித்தான் இருக்கின்றன. பைனரியைப் பழைய டிஸ்ட்ரோவில் மறுபடி கம்பைல் செய்யுங்கள், அல்லது கன்டெய்னரில் ஓட்டுங்கள். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால், திறந்திருக்கும் ரூட் டெர்மினலை மூடிவிடாதீர்கள். அதன் மெமரியில் பழைய லைப்ரரி இன்னும் இருக்கலாம், 'எக்கோ *' போட்டால் ஃபைல்களையாவது பார்க்கலாம். ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த, அதாவது லைப்ரரிகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும், பிஸிபாக்ஸ் என்ற கமாண்ட் தொகுப்பு இருந்தால் அதன் சிபியை வைத்து, எடுத்து வைத்த பழைய லைப்ரரியைத் திருப்பி வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் லைவ் யூஎஸ்பியைத் தேட வேண்டியதுதான்.